படத்தில் எல்லோரும் இடக்கை

புரொஜெக்டர் வந்திறங்கிய அன்று நாலாம் வகுப்பு டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து பழைய புகைப்படங்களை உள்ளங்கை அளவில் அச்செடுத்து வந்து, ஒரே ஒரு பூதக்கண்ணாடியைப் பெஞ்சு பெஞ்சாகக் கைமாற்றிப் பாடம் நடத்தியவர் அவர். கடைசிப் பெஞ்சுக்குக் கண்ணாடி போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும். அதனாலேயே பள்ளிக்கூடம் முழுக்க அவருக்கு 'பூதக்கண்ணாடி டீச்சர்' என்று பெயர். தலைமையாசிரியர்கூட மறந்துபோய் ஒருமுறை அப்படியே கூப்பிட்டிருக்கிறார்.

இப்போது சுவர் முழுக்கப் படம். அவர் முதலில் போட்டது அந்தப் பள்ளியின் சொந்தப் படத்தைத்தான். எந்தக் காலத்திலோ யாரோ எடுத்தது. தாழ்வாரத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தலைநகரத்து ஆவணக் காப்பகம் அதைத் தன் இணையதளத்தில் ஏற்றியிருந்தது. அந்தத் தாழ்வாரம் இன்னும் இருக்கிறது. மைதானத்துக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் கட்டடம். தினமும் பந்து பொறுக்கப் போகிற இடம் சுவரில் இவ்வளவு பெரிதாக வந்து நின்றதும் வகுப்பு வாயைப் பிளந்தது.

டீச்சருடைய வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கரும்பலகை நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் 'பார்த்தது', மறுபக்கம் 'நினைத்தது'. படத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒரு பக்கம், அதை வைத்து நாமாக ஊகிப்பது மறுபக்கம். இரண்டையும் கலந்தால் டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். 'அந்தப் பையன் சோகமா இருக்கான்' என்று யாராவது சொன்னால், சோகத்தை எங்கே பார்த்தாய், காட்டு என்று சுவருக்கே இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

அன்று ஆளாளுக்குக் கத்தினார்கள். சிலேட்டு, தூண், செருப்பில்லாத கால், பின்னல் என்று பலகை நிரம்பியது. அப்போதுதான் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை மெல்ல மேலே வந்தது. டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டது.

அது வருட நடுவில் சேர்ந்த புதுப்பெண்ணின் கை. சேர்க்க வந்த அன்று அவளுடைய அம்மா டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, இவளுக்கு இடக்கைப் பழக்கம், பழைய பள்ளிக்கூடத்தில் எவ்வளவோ பார்த்துவிட்டார்கள், நீங்களாவது மாற்றிவிடுங்கள், ரெண்டு போட்டாலும் நான் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். நமக்கு அந்த வேலை வேண்டாம் என்று டீச்சர் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார், அம்மா மசியவில்லை. வீட்டில் அம்மா மகளிடம் தினமும் இதே பாட்டைப் பாடியபடியே இருந்தார் போலிருக்கிறது. பள்ளியிலும் பெண் யாராவது பார்த்தால் வலக்கையில் எழுதுவாள், எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். மற்ற நேரமெல்லாம் இடக்கை பெஞ்சுக்கு அடியில். கை தூக்கச் சொன்னால் எந்தக் கையைத் தூக்குவது என்ற பயத்திலேயே ஒரு கையையும் தூக்க மாட்டாள்.

இப்போது தூக்கியிருந்தது இடக்கை.

"எல்லாரும் இடது கையால எழுதுறாங்க டீச்சர்."

டீச்சர் படத்தைப் பெரிதாக்கினார். முன்வரிசைப் பையன், இடக்கை. பக்கத்தில் இருப்பவன், இடக்கை. இரட்டைப் பின்னல் போட்டவள், இடக்கை. வகுப்பே எழுந்து நின்று ஒவ்வொரு கையாகக் கூவ ஆரம்பித்தது. தாழ்வாரத்தின் கடைசி மூலை மட்டும் மை கொட்டிய மாதிரி இருட்டாக இருந்தது, அதை யாரும் சட்டை செய்யவில்லை.

இந்த இடத்தில் எந்த டீச்சரும் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு வகுப்பு முழுக்க இடக்கை எப்படி இருக்க முடியும்? நம் டீச்சர் கேட்கவில்லை. வாய் திறக்காத பிள்ளை முதல்முறை வாய் திறந்தால், எவ்வளவு அனுபவசாலியான வாத்தியாருக்கும் புத்தி கொஞ்ச நேரம் லீவு போட்டுவிடும்.

"அப்போ முன்னாடி எல்லாரும் என்னை மாதிரிதானா டீச்சர்?"

"ஆமா கண்ணு, அப்படித்தான் தெரியுது" என்றார் டீச்சர். அதை 'பார்த்தது' பக்கத்தில் தன் கையாலேயே எழுதவும் செய்தார்.

சாயங்காலம் வாசல் கேட்டில் அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். மகள் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். அம்மா முகத்தில் சந்தேகமும் ஏதோ ஒரு நிம்மதியும் மாறி மாறி வந்தன.

"நெஜமாவா டீச்சர்? ஒரு கிளாஸே அப்படி எழுதுச்சா? நான்தான் தெரியாம இவளைப் படுத்திட்டேனா?"

டீச்சர் தலையாட்டினார். இனிமேல் அந்தக் கையைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன் என்று அம்மா அங்கேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் வீட்டுக்கு நடந்து போகவில்லை, கிட்டத்தட்ட மிதந்துகொண்டுதான் போனார்.

மறுநாள் காலை அந்த மிதப்பை இறக்கி வைத்தவன் வக்கீல். அவனும் நாலாம் வகுப்புதான். இட்லித் தட்டைப் பார்த்தாலும் வாதாடுவான் என்று அவன் வீட்டிலேயே சொல்வார்கள் என்பதால் இந்தப் பட்டம். பிடித்தால் உடும்புப் பிடி.

"டீச்சர், நம்ம கிளாஸ்ல ஒரே ஒரு ஆள்தான் இடது கை. அங்க மட்டும் எப்படி எல்லாரும்? எனக்கு டேப்லெட் வேணும். அந்தக் கட்டடத்துக்கிட்ட போய்ப் பார்க்கணும்."

கேட்பது நியாயம். டீச்சர் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வகுப்பையே கிளப்பினார். மைதானத்தைத் தாண்டி, பழைய தாழ்வாரத்துக்கு எதிரே, படம் எடுத்தவர் நின்றிருக்கக்கூடிய இடத்தைத் தேடி முன்னும் பின்னும் நகர்ந்தார்கள். கடைசியில் வக்கீல் படத்தைக் கட்டடத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

படத்தில் படிக்கட்டு ஒரு கோடியில். நிஜத்தில் மறுகோடியில்.

ஒரே கூச்சல். படிக்கட்டை இடித்து அந்தப் பக்கம் மாற்றிக் கட்டியிருப்பார்கள் என்றாள் ஒருத்தி. அது 'நினைத்தது' என்று இன்னொருத்தி மடக்கினாள். அப்போது வக்கீல் படத்தை இரண்டு விரலால் விரித்தான். படிக்கு அடுத்த தூணின் அடிக்கல்லில் மின்னல் மாதிரி ஒரு விரிசல். எல்லோரும் படிக்கட்டைப் பார்த்து ஓடினார்கள். நிஜத் தூணிலும் அதே விரிசல், ஆனால் வளைவு எதிர்ப்பக்கம். படியை மாற்றிக் கட்டலாம். கல்லில் விழுந்த விரிசலை யார் மாற்றிக் கட்டுவது?

"படமே திரும்பியிருக்கு டீச்சர்" என்றான் வக்கீல், மூச்சு வாங்க.

இத்தனை வருடத்தில் டீச்சர் இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை. பிள்ளைகள் விரிசலைத் தடவிப் பார்க்க அடித்துக்கொண்டார்கள். அவருக்கே குதிக்க வேண்டும் போலிருந்தது. அதே நேரத்தில் அவர் கண் மூன்றாவது பெஞ்சுக்காரியைத் தேடியது. கூட்டத்துக்கு வெளியே புதுப்பெண் நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு இன்னும் உறைக்காதது அவளுக்கு உறைத்துவிட்டது. இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

வகுப்புக்கு வந்து படத்தை இடம் வலமாகத் திருப்ப ஒரு தட்டு போதும். டீச்சருக்கு விரல் போகவில்லை. நாமே திருப்புவது சரியில்லை, மூலத்தைக் கேட்போம், காப்பகத்தில் அசல் இருக்கும் என்றார். முறைப்படி சரியான பேச்சுதான். அதற்குள் ஒளிந்திருந்த பயம் அவருக்கு மட்டும் தெரியும்.

காப்பகத்துக்கு மின்னஞ்சல் போனது. மறுநாள் வீடியோவில் வந்து அசலையே காட்டுவதாகப் பதிலும் வந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் டீச்சர் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"பேசாம விட்டுடேன். ஒரு பொண்ணு சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு நஷ்டம்?" என்றார் அவர்.

"நாளைக்கு அவளே வளர்ந்து வந்து கண்டுபிடிப்பா. அப்போ நான் சொன்ன எதையும் நம்ப மாட்டா" என்றார் டீச்சர்.

மறுநாள் சுவரில் காப்பகத்துப் பெண்மணி தோன்றினார். வெள்ளைக் கையுறை. மேஜையில் வெளிச்சம் வரும் பலகை, அதன்மேல் ஒரு கண்ணாடித் தகடு. அந்தக் காலத்தில் படம் ஃபிலிமில் இல்லை, இப்படிக் கண்ணாடியில்தான் விழும் என்று விளக்கினார். தகட்டுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். மங்கலான பக்கத்தில்தான் படம் ஒட்டியிருக்கும். எந்தப் பக்கம் மேலே என்று பார்க்காமல் வைத்தால் உலகமே இடம் வலம் மாறிவிடும். அவர் தகட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினார்.

"ஸ்கேன் பண்ணும்போது திருப்பி வெச்சுட்டாங்க. இத்தனை வருஷமா எங்க யாருக்கும் தெரியலை. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வக்கீல் எழுந்து விரிசல் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னான். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே, உங்களுக்காக இந்த முறை இன்னும் துல்லியமாக எடுத்திருக்கிறேன், இருட்டு மூலையெல்லாம் தெளிந்திருக்கும் என்று புதுப் படத்தை அனுப்பி வைத்தார்.

டீச்சர் அதைச் சுவரில் போட்டார். படிக்கட்டு சரியான பக்கம். விரிசல் சரியான பக்கம். வகுப்பு கைதட்டித் தீர்த்தது. பிறகு ஒவ்வொருவராகக் கைகளைப் பார்த்தார்கள். முன்வரிசைப் பையன், வலக்கை. பக்கத்தில் இருப்பவன், வலக்கை. இரட்டைப் பின்னலும் வலக்கை. கைதட்டல் தேய்ந்து நின்றது. ஒவ்வொரு தலையாக மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பியது. புதுப்பெண் பென்சிலை வலக்கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கரும்பலகைக்குப் போய், தான் எழுதிய வரியைத் தேடிப்பிடித்து அழித்தார்.

"அன்னிக்கு நான் 'ஆமா'ன்னு சொன்னது தப்பு. நினைச்சதைப் பார்த்ததா எழுதிட்டேன். உன்கிட்டதான் சொல்றேன்மா."

புதுப்பெண் தலையை மட்டும் ஆட்டினாள்.

வேறு என்ன செய்வதென்று டீச்சருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தார். இது புதுப் படம், ஆரம்பத்திலிருந்து பார்ப்போம், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் மரியாதைக்குப் படத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஒருத்தி மட்டும் நிஜமாகவே பார்த்தாள். பெஞ்சிலிருந்து எழுந்தாள். கேட்காமல் நடந்து சுவருக்குப் போனாள். அவள் நிழல் பாதிப் படத்தை மறைத்தது. ஒதுங்கி நின்று, எட்டி, முன்பு மை கொட்டியது போலிருந்த அந்த மூலையில் விரலை வைத்தாள். இடக்கை விரல்.

"இவ."

டீச்சர் பெரிதாக்கினார். கடைசி வரிசை ஓரத்தில், தூணோடு ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பெண். மடியில் சிலேட்டு. சிலேட்டுக் குச்சி இடக்கையில். மற்ற எல்லோரும் வலக்கையால் எழுத, அத்தனை பேருக்கு நடுவில், படம் பிடிக்கிற நாளில், அவள் பாட்டுக்கு இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேர் பின்னாலேயே, இதுவரை இருட்டில் தெரியாத ஒரு வாத்தியார் நிற்கிறார்.

வகுப்பில் எழும்பிய சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார். டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது, சிரிப்பும் நிற்கவில்லை.

"அவளை யாரும் மாத்தல டீச்சர்" என்றாள் புதுப்பெண்.

வக்கீலுக்கு உயிர் வந்துவிட்டது. "மாத்தலைன்னு படத்துல இல்ல. அன்னிக்கு மாத்தலைன்னுதான் இருக்கு."

சட்டப்படி அவன் சொல்வதுதான் சரி. டீச்சர் அவனை என்ன செய்தால் தகும் என்று ஒரு கணம் யோசித்தார். அதற்குள் புதுப்பெண் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அன்னிக்கு போதும்" என்றாள்.

சாக்பீஸை டீச்சர் அவளிடமே கொடுத்தார். 'பார்த்தது' பக்கத்தில் அவள் இடக்கையால் ஒரு வரி எழுதினாள். எறும்பு ஊரவில்லை, எழுத்து முத்து முத்தாக இருந்தது.

சாயங்காலம் டீச்சர் தானே புதுப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு கேட்டில் காத்திருந்த அம்மாவிடம் போனார். கையில் உள்ளங்கை அளவில் ஒரு அச்சும், மேஜைக்குள் ஓய்வில் கிடந்த பூதக்கண்ணாடியும். முதலில் உண்மையைப் போட்டு உடைத்தார்: படம் திரும்பியிருந்தது, நான் சொன்னது தப்பு, அந்தப் பிள்ளைகள் வலக்கைக்காரர்கள். அம்மாவின் முகம் தொங்கிப்போனது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் அச்சைத் தூக்கி அம்மா முகத்துக்கு நேரே காட்டினாள்.

அம்மா பூதக்கண்ணாடியை வாங்கி அந்த மூலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிள்ளைகளெல்லாம் கலைந்து போய்விட்டார்கள்.

"யாரும்மா இந்தப் பொண்ணு?"

"தெரியாதும்மா. ஆனா எழுதிக்கிட்டிருக்கா" என்றாள் மகள்.

அம்மா கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு டீச்சரிடம் தணிந்த குரலில் கேட்டார்:

"இதை மறுபடியும் யாராவது திருப்பிட மாட்டாங்களே டீச்சர்?"

"மாட்டாங்க. கல்லுல விரிசல் இருக்கு, உங்க பொண்ணு அங்கேயே கூட்டிட்டுப் போய்க் காட்டுவா" என்றார் டீச்சர்.

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார். பிடித்திருந்தது வலக்கையை. இடக்கையில் படம் இருந்தது.