படகுப் பச்சை

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. மூன்றாம் வகுப்பு அறைக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, லிகாயா ஒரு நாற்காலியின் முதுகுப் பட்டைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையிலிருந்து மற்ற பெற்றோர் எலிப்புழுக்கையையும் ஒட்டடையையும் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினார்கள். வருஷா வருஷம் இதே கதைதான். ஜூன் பிறப்பதற்குள் அப்பா அம்மாக்களே வந்து பள்ளியைக் கழுவி, கூரை ஓட்டையை அடைத்து, வர்ணம் பூசிக் கொடுக்க வேண்டும். கட்டாயமில்லை என்பார்கள். வராதவர் யாரென்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

லிகாயா துணி துவைத்துப் பிழைப்பவள். அன்றைக்கு இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். போன வருஷம் மகள் மிலெட்டுக்கு நாற்காலி கிடைக்கவில்லை. இரண்டு நாற்காலியில் மூன்று பிள்ளைகளாக நடுவில் நெருக்கி உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதி, கையெழுத்து கோழி கிளறினாற்போல் ஆகிவிட்டது. உடைந்த நாற்காலியை யார் சரிசெய்கிறார்களோ அவர்கள் பிள்ளைக்கே அது என்று வில்மா டீச்சர் இந்த வருஷம் சொன்னதும் முதல் ஆளாக வந்து நின்றாள்.

ஆனால் லிகாயா யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. மீன்காரி தராசைத் தூக்கினால் தட்டுக்கு அடியில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையைத் திறப்பாள்.

"டீச்சர், இது என் பிள்ளைக்குத்தானே?"

"எத்தனை வாட்டிம்மா கேப்பே? உன் பிள்ளைக்குத்தான்."

"இல்ல, போன வருசம் நான் தச்சுக் குடுத்த சன்னல் திரை முதல் பிரிவுல தொங்குது. என் பொண்ணு படிக்கிறது கடைசிப் பிரிவு. அதான் கேட்டேன்."

டீச்சர் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஐஸ் கம்பெனி முதலாளி, நகரசபைக்காரர் இவர்கள் பிள்ளைகள் எல்லாம் முதல் பிரிவில்தான் இருந்தார்கள். பள்ளி வாங்கியிருந்த பழுப்பு வர்ணமும் அந்தப் பிரிவு அறையின் சுவர்களோடு தீர்ந்துபோயிருந்தது.

மத்தியானம் அவள் புருஷன் நார்டோ ஒரு பெரிய டின்னோடு வந்தான். அவன் கடற்கரைப் பட்டறையில் படகுகளுக்கு வர்ணம் பூசுகிறவன். டின்னின் அடியில் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. அவனே எண்ணெய் விட்டுக் கலக்கிய பச்சை, ஊரில் வேறெங்கும் கிடைக்காது.

"இது படகுக்குப் பூசறதுடி. நல்லா வெயில் காஞ்சாத்தான் இறுகும். மழ புடிச்சுதுன்னா பத்து நாளைக்குப் பிசுபிசுக்கும்."

"பிசுபிசுத்தா பிசுபிசுக்கட்டும். வேற எவளும் இது என்னுதுன்னு சொல்ல முடியாதுல்ல? எனக்கு அது போதும்."

பூசி முடிக்கும்போது பெற்றோர் சங்கத் தலைவி எஸ்ட்ரெல்லா வந்து சேர்ந்தாள். ஐஸ் கம்பெனி முதலாளியின் மனைவி. லிகாயா துவைப்பதில் பாதி அந்த வீட்டுத் துணிதான். எல்லோருக்கும் நூடுல்ஸ் கொடுத்து, தூரிகையை வாங்கிக் கையில் பிடித்து, பச்சை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். "புதுசு மாதிரியே பண்ணிட்டியே லிகாயா!" என்று நாற்காலியை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை.

காலி டின்னை அறை மூலையிலேயே போட்டுவிட்டு வீடு திரும்பும்போது லிகாயா முணுமுணுத்தாள். "அந்தம்மா பாத்த பார்வை சரியில்ல."

"உனக்கு எந்தப் பார்வைதான் சரி? நம்ம கல்யாணத்தன்னைக்கு, பாதிரியார் மோதிரத்த மாத்திடுவாரோன்னு கைய உத்துப் பாத்தவளாச்சே நீ."

அந்த வாரம் முழுக்க அவள் ஆயத்தம் செய்தாள். மிலெட்டின் நீலப் பாவாடை விளிம்பைப் பிரித்து இறக்கினாள். பழைய மடிப்பு வெளிறிய கோடாக நின்றது. எஸ்ட்ரெல்லா மகளின் புத்தம்புதுச் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். வானம் இருட்டிக்கொண்டே இருந்தது. திறக்கிற நாளில் மழை கொட்டியது. பெற்றோரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் மிலெட் வந்ததும் லிகாயா கேட்ட முதல் கேள்வி, "நாற்காலி கெடச்சுதா?"

"ம். கெடச்சுதும்மா."

லிகாயா அவளைத் திருப்பி நிறுத்தினாள். முதுகில் பச்சை ஒரு பொட்டும் இல்லை. பாவாடையின் பின்பக்கம் மட்டும் வட்டமாக ஒரு துருக்கறை இருந்தது.

"இது என்னடி வட்டம்?"

"தெரியல. விளையாடறப்ப எங்கியோ பட்டிருக்கும்."

"மழையில எங்கடி விளையாடினே?"

"பெத்த பிள்ளையையுமா?" என்று நார்டோ சத்தம் போட்டான். லிகாயாவுக்கு வெட்கமாகப் போயிற்று. இருப்பது ஒரே பாவாடை. தினமும் துவைத்து அடுப்படியில் உலர்த்தினாள். மறுநாள் சாயங்காலமும் வட்டம் இருந்தது, அதற்கு மறுநாளும். வெள்ளிக்கிழமை சந்தையில் வில்மா டீச்சரைப் பார்த்தாள்.

"உன் பொண்ணு ஒழுங்கா உக்காந்து படிக்கிறா," என்று டீச்சர் அவசரமாகச் சொன்னாள். லிகாயாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. தன் புத்தியைத் தானே நொந்துகொண்டு, வீட்டுக்கு வாங்கிய கருவாட்டில் பாதியை டீச்சர் பைக்குள் திணித்தாள். டீச்சர் வேண்டாம் வேண்டாம் என்றாள், பிறகு வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை எஸ்ட்ரெல்லா வீட்டுக் கூடையை எடுக்கப் போனாள். எஸ்ட்ரெல்லா தன் மகளின் வெள்ளைச் சட்டை ஒன்றைத் தனியாக விரித்துக் காட்டினாள்.

"இத பாரு. புதுச் சட்டை. கஞ்சி போட உங்கிட்டத்தானே குடுத்தேன்? உன் வீட்டுக்காரர் பெயிண்ட் கையோட தொட்டாரா?"

முதுகில் குறுக்காக மூன்று பச்சைப் பட்டைகள். உப்புத்தாளால் அவள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய பட்டைகளின் அதே அகலம், அதே இடைவெளி. அந்தப் பச்சையை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சொல்லிவிட வாயெடுத்தாள். கூடையில் குவிந்திருந்த துணியைப் பார்த்தாள். இந்த வீடு போனால் வாரத்தில் பாதி நாள் அடுப்பு எரியாது.

"எடுத்துடறேம்மா."

"திங்கக்கிழமைக்கு வேணும். கறை போகலேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து மிலெட்டைக் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை. "எதுல உக்கார்ற? நெசத்தச் சொல்லு."

மிலெட் தரையைப் பார்த்தாள். "அப்பாவோட பெயிண்ட் டின்னும்மா. கவுத்துப் போட்டு. நாற்காலிய முதல் நாளே முதல் பிரிவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பாத்துத் தரேன்னு டீச்சர் சொன்னாங்க. நீ போயி சண்ட போடுவேன்னுதான் சொல்லல."

டீச்சர் பைக்குள் திணித்த கருவாடு லிகாயாவுக்கு ஞாபகம் வந்தது. சட்டையைத் துவைகல்லில் விரித்தாள். புட்டியிலிருந்த மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து, வெள்ளை நூல் நைந்துவிடாதபடி ஒவ்வொரு பட்டையாகத் தேய்த்தாள். பச்சை கொஞ்சம் கொஞ்சமாக அவள் நகக்கண்களுக்கு ஏறியது. மூன்றாவது பட்டை போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

பிறகுதான் மகளின் பாவாடையை எடுத்தாள். ஐந்து நாள் துரு நூலுக்குள்ளேயே ஊறியிருந்தது. எலுமிச்சை பிழிந்தாள், உப்பு போட்டாள், பிரஷ் தேய்ந்தது. வட்டம் போகவில்லை.

திங்கட்கிழமை காலை கொடியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. சட்டை பால் மாதிரி இருந்தது. அதை மடித்துக் கூடையின் மேல் வைத்துவிட்டு, லிகாயா பாவாடையை மிலெட்டுக்குக் கட்டிவிட்டாள். மகள் படியிறங்கிப் போகும்போது, அந்த வட்டம் சரியாக அவள் உட்காருகிற இடத்தில் இருந்தது.