பெட்டி நிற்காது

அம்மா ரோப்கார் பெட்டியிலிருந்து ஒரு காலைத் தூக்கி வெளியே வைக்கப் பார்த்தாள். தரை நகர்வதுபோலத் தெரிந்திருக்க வேண்டும். உடனே காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நிப்பாட்டு," என்றாள், கைப்பையை மார்போடு அணைத்தபடி.

"பெட்டி நிக்காதும்மா. நடந்துக்கிட்டே இறங்கணும். கையக் குடு."

நான் எல்லோரிடமும் நாள் முழுக்கச் சொல்லும் வாக்கியம். எல்லோரிடமும் சொல்லும் அதே குரலில்தான் வந்தது. அதே பெட்டியில் வந்த வேறொரு குடும்பம் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, ஈரத் தரையில் சிரித்துக்கொண்டே நடந்து போனது. அம்மா பாதி எழுந்த நிலையில் நின்றாள். நான் பெட்டியோடு நடந்துகொண்டே அவள் முழங்கையைப் பிடித்திருந்தேன். வேகத்தைக் குறைக்கும் பொத்தான் இருக்கும் தூண் பின்னால் போய்விட்டது. மஞ்சள் கோடு முடியும் இடத்தில் கையை எடுத்தேன். கதவு மூடியது. கண்ணாடிக்குள் அம்மா மெல்ல உட்கார்ந்தாள். பெட்டி வடத்தைக் கவ்வியது. ஒரு குலுக்கலோடு மூடுபனிக்குள் இறங்கிப் போனது.

அவள் வருவதாகச் சொல்லவில்லை.

கீழிருந்து வரும் பெட்டிகள் எங்கள் நிலையத்துக்குள் நுழைந்ததும் வடத்தை விட்டுவிடும். ஒரு தண்டவாளத்தில் ஊர்ந்து, லாடம்போன்ற வளைவைச் சுற்றி, மறுபடி வடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும். வளைவில் மட்டும் கதவு திறந்திருக்கும். நடக்கப் பழகும் குழந்தையின் வேகம்தான். ஆனாலும் நிற்காது. தூணில் மஞ்சள் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று. மஞ்சள் வேகத்தைக் குறைக்கும், சிவப்பு நிறுத்தும். வடம் ஒன்றுதான் என்பதால் இங்கே ஒருவருக்காக நிறுத்தினால் பள்ளத்தாக்கின் மேல் எல்லோரும் அந்தரத்தில் ஆடிக்கொண்டு நிற்பார்கள். 'சிறு தாமதம், பயப்பட வேண்டாம்' என்று ஒவ்வொரு பெட்டியின் ஸ்பீக்கரிலும் கீழ்நிலையத்திலிருந்து சொல்வார்கள். காரணத்தை நான் அவர்களுக்குப் போனில் சொல்ல வேண்டும். போனில் பேசுவதைத் தவிர்ப்பதற்காகவே நான் சிவப்பைத் தொடுவதில்லை. நல்லவேளையாக, தொட வேண்டிய அவசியமும் அதிகம் வந்ததில்லை.

இப்போது நானே போனை எடுத்தேன்.

கீழ்நிலையத்தில் இருப்பவரை எல்லோரும் நிலவரம் அண்ணன் என்பார்கள். "என்ன நிலவரம்?" என்று கேட்காமல் அவர் யாரிடமும் பேச்சைத் தொடங்கியதில்லை, அவர் கல்யாண மேடையில் மணப்பெண்ணிடமும் அதைத்தான் கேட்டார் என்று சொல்வார்கள். இவ்வளவு நாளில் நான் அவர் முகத்தை நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன். குரல்தான் பழக்கம்.

எட்டாம் நம்பர் பெட்டியில் திரும்பி வருவது என் அம்மா என்று சொன்னேன்.

"அம்மாவா? மொதல்லயே சொல்லியிருந்தா டிக்கெட் வாங்கவிட்டிருப்பனா? வரிசையில நின்னு, எம்பொண்ணு மேல வேல பாக்குதுன்னு முன்னாடி பின்னாடி எல்லார்கிட்டயும் சொன்னாங்களாம். எங்கிட்ட மட்டும் சொல்லல பாரு. சரி, கீழ எறக்கல. உக்காந்தபடியே திருப்பி அனுப்பறேன். இந்தத் தடவ நீ மஞ்சள அமுக்கிடு, தங்கச்சி."

என் கூடப்பிறந்த அண்ணன் அன்று இரவு தன் ஊரிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்வான். அது எனக்குத் தெரியும். அப்பா போனபிறகு அம்மா வீட்டில் தனியாக இருக்கிறாள். அண்ணன் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். வீட்டை ஒருவர் விலைக்குக் கேட்டிருக்கிறார், இன்றைக்கு முடிவு சொல்ல வேண்டும். அம்மா போனால் வீடு இருக்காது. நான் கீழே வந்து அவளோடு இருப்பதாகச் சொன்னால் அவள் போகமாட்டாள். இதைப் போனில் அவள் கேட்டபோதெல்லாம் நான் சீசன், லீவு, ஆள் இல்லை என்று ஏதாவது சொல்லிவைத்தேன். லீவு நான் கேட்கவே இல்லை.

எட்டாம் நம்பர் வந்தது. மஞ்சளை அமுக்கினேன். எல்லாம் தூக்கக்கலக்கத்தில் நடப்பதுபோல மந்தமானது. அம்மா தனியாக இருந்தாள். கதவு திறந்தது. அவள் எழவில்லை.

"இறங்கும்மா. இப்ப மெதுவாத்தான் போகுது."

"வேணாம். எனக்காக எல்லாரையும் எதுக்குத் தொங்கவிடற? இப்படியே பேசு."

நான் பக்கத்தில் நடந்தேன். முகத்தில் பவுடர் போட்டிருந்தாள். காலில் புதுச்செருப்பு, மலைக்கென்று வாங்கியிருப்பாள்போல.

"அவன் ராத்திரி கூப்பிடுவான்," என்றாள். "நான் என்ன சொல்லட்டும்?"

"சீசன் முடியட்டும்மா."

"சீசனப் பத்தியா கேட்டேன்?"

மஞ்சள் கோடு முடிந்தது. கதவு மூடும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் கூரையை, கதவின் ரப்பர் விளிம்பை, தரையில் திருகப்பட்டிருந்த ஆணிகளை, ஒரு வீட்டை வாடகைக்குப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இறங்காமலே கீழே போய்த் திரும்பும் நேரத்தில் எத்தனையோ பெட்டிகள் வந்தன. கதவுகள் திறந்தன. நான் வாக்கியத்தைச் சொன்னேன். கைகளைப் பிடித்தேன், விட்டேன். இந்த வேலையில் நிறையக் கைகளைத் தொடுகிறேன். ஈரக்கை, கையுறை போட்ட கை, மருதாணிக் கை. எதுவும் ஒரு நொடிக்கு மேல் இல்லை. அது எனக்குச் சரியாக இருந்தது. இயற்பியல் படித்துவிட்டு இதையா செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் ஊசலாட்டம், காற்றுவேகம் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் எனக்குப் பிடித்தது சாயங்காலம். கடைசிப் பெட்டியில் எல்லோரும் இறங்கிப்போனபின், மெஷினுக்குத் துணையாக மேலே தங்க ஒருவர் வேண்டும். அந்த முறையை யாரும் விரும்புவதில்லை. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வளைவுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மின் அடுப்பு. மேகம் ஜன்னலில் வந்து ஒட்டிக்கொள்ளும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அப்பா இறந்தபின் வீட்டில் நானும் அம்மாவும் கொஞ்சநாள் சேர்ந்து இருந்தோம். ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பற்றித்தான் பேசினோம். சரிசெய்ய ஆள் வந்துபோனபிறகு பேச எதுவும் இருக்கவில்லை. ஆளுக்கொரு அறையில் விளக்கை அணைப்போம். இங்கேயும் தனிமைதான். ஆனால் இங்கே அது ஒருவருடையது. அங்கே இரண்டு பேருடையது. இதை எந்தக் கோட்டுக்குள் நடந்துகொண்டே ஒருவரிடம் சொல்வது?

மெஷின் அறையிலிருந்து மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நிலவரம் அண்ணன் அவருக்கும் போன் செய்திருக்கிறார்.

"காத்து ஏறுது. இன்னும் ஒரு ரவுண்டுதான், அப்பறம் மூடச் சொல்லிட்டாங்க. நான் இங்க நிக்கறேன். நீ அம்மாகூட ஏறி கீழ போ. காலைல வந்தாப் போதும்."

"உங்களுக்குச் சிரமம்."

"நிக்கறதுல என்னம்மா சிரமம்? நானென்ன வடத்தத் தோள்ல சுமக்கவா போறேன்?"

அவர் தூணருகே நின்றுகொண்டார். நான் மஞ்சள் கோட்டில் நின்றேன். அடுத்த பெட்டியில் ஏறப்போகும் ஆள் நிற்கவேண்டிய இடத்தில். 'போகாதம்மா, நான் வரேன்' என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல். மனதுக்குள் சொல்லிப்பார்த்தேன். என் குரலில் அது எப்படியிருக்கும் என்று தெரியவில்லை.

எட்டாம் நம்பர் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கையளவு துடைத்து, அதன் வழியே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. அவள் தனியாக இல்லை. எதிரில் புதிதாய்க் கல்யாணமான இருவர். சும்மா சுற்றிப்பார்க்க ஏறியவர்கள், குளிரைப் பார்த்து இறங்க மனமில்லாமல் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இப்படியே கீழே போய்விடலாமா என்று கேட்டார்கள். போகலாம் என்றேன். அம்மா வெளியாட்கள் முன்னால் வீட்டு விஷயம் பேசமாட்டாள். நானும்தான். அதில் மட்டும் நாங்கள் ஒன்று.

"உன் ரூம் எது?" என்றாள்.

கைகாட்டினேன். வளைவிலிருந்து பார்த்தால் தெரியும். தகரக் கூரையின் கீழே ஒரு சின்ன ஜன்னல், அதில் காயாத என் நீலத்துண்டு.

அம்மா திரும்பி அதைப் பார்த்தாள். பெட்டி நகர நகரக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே பார்த்தாள்.

"ஜன்னல் சின்னதா இருக்கே."

"குளிருக்காக."

"ம்."

நான் அவளிடம் கையை நீட்டினேன். அவளை இறக்குவதற்கா, நான் ஏறுவதற்கா என்று எனக்கே தெரியாது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. கதவின் படியில் என் ஒரு கால் பட்டது. மெக்கானிக் அண்ணன் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றார். கோடு முடிந்துகொண்டிருந்தது.

அம்மா என் விரல்களை ஒருமுறை அழுத்தினாள். பிறகு அவளே விட்டாள்.

"கைய எடு," என்றாள். "கதவு மூடுது."

எடுத்தேன்.

காற்று இரைந்தது. கீழே டிக்கெட் வரிசை மூடப்பட்டது. மேலே இருந்த கடைசி ஆட்களும் ஏறிப் போனார்கள். அவர்களோடு மெக்கானிக் அண்ணனும். கதவு மூடுமுன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஹீட்டரப் போட்டுக்க," என்றார்.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று கீழிருந்து போன் வந்தபிறகுதான் நான் சிவப்பை அமுக்க வேண்டும். அன்றைக்குப் போன் சீக்கிரமே வந்தது.

"எல்லாம் காலி, தங்கச்சி. நிப்பாட்டிக்கலாம்," என்றார் நிலவரம் அண்ணன். முதல்முறையாக நிலவரம் கேட்காமல். "அம்மா எறங்கிட்டாங்க."

"அவங்களுக்காக நிறுத்துனீங்களா?"

"இல்லியே. மஞ்சள்கூட அமுக்கல. கைகுடுக்கப் போனேன், வேணாம்னுட்டாங்க. அவங்கபாட்டுக்கு நடந்துக்கிட்டே எறங்கிப் போயிட்டாங்க. புதுச்செருப்பு வேற."

போனை வைத்தேன்.

நிலையத்துக்குள் விளக்கு மட்டும் எரிந்தது. காலிப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் எனக்கு முன்னால் கதவைத் திறந்து, வளைவின் கடைசிவரை திறந்தே வைத்திருந்து, மூடிக்கொண்டு போனது. சிவப்பின் மேல் விரலை வைத்தபடி நின்றேன்.

எட்டாம் நம்பர் வந்தது. கண்ணாடியில் அம்மா துடைத்த இடம் ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கியிருந்தது. நடுவில் இன்னும் கொஞ்சம் தெளிவு மிச்சம் இருந்தது; அதன் வழியே மறுபுறத்தில் என் அறை ஜன்னலும் நீலத்துண்டும் தெரிந்தன. கதவு திறந்தது. நான் வழக்கம்போலக் கோட்டின் கடைசிவரை அதன் கூடவே நடந்தேன்.