பக்கத்து அணியின் வாசல்

டிவி முன்னால் பெரியவரும் அவர் மனைவியும், அவர்கள் மகனுக்குப் பெண் கொடுக்கவிருந்த சம்பந்தியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மகனும் இன்னொருவனும் மாறி மாறி ஓட்டும், ஒரு நாள் முழுக்க நீளும் கார் பந்தயம் அது. டயர் மாற்ற வந்த அவர்கள் கார், பக்கத்து அணியின் இடத்தில் போய் நின்றது. அங்கிருந்தவர்கள் கையை வீசி விரட்டினார்கள்.

"ஓட்டுறது நம்ம மாப்பிள்ளையா, சம்பந்தி?"

"சேச்சே! அது அந்த இன்னொருத்தன். நம்ம ரத்தம் வாசல் தெரியாம நிக்குமா?" என்றார் பெரியவர்.

கார் தன் இடம் வந்து சேர்ந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியது மகன்தான்.

"அசதியில இடம் மாறிட்டேன். தப்பு என்னோடது," என்று மைக்கில் சொன்னான்.

"பட்டுனு ஒத்துக்கிட்டாரே!" என்று சம்பந்தி மெச்சியபோது, பெரியவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டதாகச் சொந்தத்தில் சொல்கிறார்கள். கரண்ட் போகவில்லை. டிவியை அணைத்தவர் பெரியவர்.