மணல் மூட்டையில் பாயாத ஊசி

காப்பகத்தின் வேலிக்குள் ஓரிக்ஸ் மான்கள் பெருகிவிட்டன, மேய்ச்சல் பெருகவில்லை. மிகையான கிழட்டு ஆண் மான்களைக் கட்டணம் செலுத்தும் வேட்டைக்காரர்களுக்குச் சுடக் கொடுப்பதா, மயக்கி வேறு காப்பகத்துக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய அபுதாபியிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தனர். இரண்டாவது திட்டம் கால்நடை மருத்துவர் உமாராணியுடையது. பல ஆண்டுகளாக அங்கே துப்பாக்கியால் மயக்க ஊசி சுட்டவளும் அவளே. ஆயினும் அதிகாரிகள் முன் சுட்டுக்காட்ட நிர்வாகி செய்கு முகம்மது தேர்ந்தெடுத்தது, குளிர்காலத்தில் பணிக்கு வந்த மஹதியை.

"மனசுல வச்சிக்கிடாதீங்க டாக்டரம்மா. அந்தப் புள்ள கென்யாவுல யானையவே மயக்குனதாச்சே. வந்தவங்களுக்கு அதக் கேட்டாலே பாதி நம்பிக்கை வந்துரும்" என்றார்.

உமாராணி கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வந்தால் போய்விடும். அவளுக்கு வந்தது போகாத வகை. மஹதி ஒரே சுழற்றில் கொண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்தாலும் புதிதாக வந்தது.

காப்பகத்தில் உமாராணி ஏற்படுத்திய விதிகள் இரண்டு. மான்கள் மிரளாதிருக்க, வண்டியிலிருந்து இறங்குமுன் எல்லாரும் கைபேசியை அணைத்துவிட வேண்டும். கோடை தொடங்கியதும், மானைச் சுடுமுன் மணல் மூட்டையில் ஓர் ஊசி சுட்டுப் பார்க்க வேண்டும். துப்பாக்கி வாயுவின் அழுத்தத்தில் இயங்குவது. வெயிலில் அழுத்தம் ஏறினால் ஊசி கல்லைப் போல அடிக்கும். குளிர்காலத்தில் அந்த மூட்டை கொட்டகையில் கிடக்கும். மஹதி அதைப் பார்த்ததே இல்லை.

அன்றுதான் முதல் கடும் வெயில். புறப்படுமுன் மஹதி துப்பாக்கியை வண்டியின் முன்மூடி மேல் கிடத்திவிட்டு, அதிகாரிகளுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த உலோகத்தின் மேல் கானல் நெளிவதை உமாராணி பார்த்தாள். எல்லாரும் வண்டியேறி மான்களை நெருங்கியதும் மஹதி கைபேசியை அணைத்தாள். அது அணைந்ததையும் உமாராணி பார்த்தாள். அதன்பிறகே தன் கைபேசியை எடுத்து எழுதினாள்: 'மூட்டையில் ஒன்று சுட்டுப் பார்த்துக்கொள்.' செய்தியின் கீழே, இன்னும் போய்ச் சேரவில்லை என்பதற்கான ஒற்றை டிக் விழுந்தது. தன் கைபேசியையும் அணைத்துவிட்டு இறங்கினாள்.

தொலைவை அளந்து சொல்வது உமாராணியின் வேலை. சரியாக அளந்தாள், சரியாகச் சொன்னாள். மஹதியின் குறியும் சரியாகவே இருந்தது. ஊசி பின்தொடையில் பாய்ந்தபோது, மரக்கிளை முறியும் ஓசை கேட்டது. மான் மூன்று கால்களில் சிறிது தூரம் ஓடிச் சரிந்தது.

தொடையெலும்பு முறிந்த மானுக்கு மருத்துவம் இல்லை. வண்டியிலிருந்த ரைஃபிளை உமாராணி எடுத்தாள். ஒரே குண்டு. இவ்வளவு சுத்தமான சூட்டைத் தாம் கண்டதில்லை என்று மூத்த அதிகாரி பாராட்டினார். எப்படியும் சாகப்போகிற கிழட்டு மானைக் கட்டணம் வாங்கிக்கொண்டே சாகவிடலாமே என்றார் மற்றவர்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மஹதி கைபேசியை உயிர்ப்பித்தாள். திரையைப் பார்த்தாள், பிறகு உமாராணியைப் பார்த்தாள். உமாராணி காத்திருந்தாள். செய்தி எப்போது அனுப்பப்பட்டது என்பது அதன் அருகிலேயே இருக்கும். பக்கத்திலேயே இருந்தும் ஏன் வாயால் சொல்லவில்லை என்று மஹதி கேட்கட்டும், கேட்டால் அவளும் தன்னைப் போன்றவள்தான் என்று தெரிந்துவிடும்.

"சொல்லியிருக்கீங்களேக்கா" என்றாள் மஹதி. "நான்தான் பார்க்காம ஆஃப் பண்ணிட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அதிகாரிகளின் அறைக்குள் போனாள்.

வெகுநேரம் கழித்துச் செய்கு முகம்மது வெளியே வந்தார். இந்த ஆண்டு வேட்டைக்கு அனுமதி என்று முடிவாகிவிட்டது. எந்த மானைச் சுடலாம் என்று காட்டிக்கொடுக்கும் பொறுப்பை உமாராணிக்கே தரச் சொல்லியிருந்தனர்.

"மஹதி தப்பு முழுக்க எம்மேலதான்னு சொல்லிருச்சு. நீங்க முன்னாடியே எச்சரிச்சீங்களாமே டாக்டரம்மா?"

கதவின் கண்ணாடி வழியே மஹதி தெரிந்தாள். அழுது சிவந்த முகத்தோடும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார உமாராணிக்கு வராது. மேசைமேல் கிடந்த தன் கைபேசியில், செய்தியின் கீழே இரண்டு டிக்குகளும் நீலமாகியிருந்தன.

"ஆமா" என்றாள் உமாராணி.