சிரிஞ்சு முனையில் நின்ற மருந்து

மருத்துவமனையின் மருந்து கலக்கும் அறையில் எனக்குச் 'சொட்டுக் கருமி' என்று பெயர். மருந்தில் ஒரு துளியைக்கூட வீணாக்க மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையின் இதயம் தறிகெட்டு ஓடியது. அதை அடக்கும் மருந்தில் 0.1 மில்லி எடுத்து, நீர் சேர்த்துப் பத்து மில்லியாக்கி அனுப்பிவந்தேன். மூன்று நாளாகக் குழந்தை அழவில்லை. பால் குடிக்கவில்லை. துடிப்பு அளவுக்கு மீறி இறங்கிவிட்டது.

"இந்த மருந்து ஒத்துக்கல. மத்தியானத்தோட நிறுத்திடறேன்," என்றார் டாக்டர். நிறுத்தினால் இதயம் மறுபடி ஓடத் தொடங்கும். அதற்கு வேறு மருந்தும் இல்லை.

அளவில் எங்காவது பிழையோ என்று கணக்கை நாலு முறை போட்டேன். சரியாகத்தான் வந்தது. மேலதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிறே?" என்றார்.

எனக்கு எரிச்சல் பொங்கியது. தாளில் தப்பில்லை என்றால் தப்பு என் கையில்தான் இருக்க வேண்டும். காலிச் சிரிஞ்சைத் தராசில் வைத்தேன். நீரை இழுத்து, முட்டும்வரை தள்ளி வெளியேற்றிவிட்டு மறுபடி வைத்தேன். 0.07 கிராம் கூடியிருந்தது. அதாவது 0.07 மில்லி நீர் முனைக்குள் நின்றுவிடுகிறது. அது சிரிஞ்சின் அளவுக்கோடுகளில் சேராதது, அங்கேயே கிடக்க வேண்டியது. நானோ வீணாகிறதே என்று, அதே சிரிஞ்சில் நீரை இழுத்து அலசி, அதையும் குப்பிக்குள் விட்டிருக்கிறேன். 0.1 என்று எழுதிவிட்டு 0.17 கொடுத்திருக்கிறேன்.

அடுத்த குப்பியைச் சத்தமில்லாமல் சரியாகக் கலந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை. ஆனால் மருந்தையே நிறுத்தப் போகிறார்களே! படியேறி ஓடி, நடந்ததை டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் முகம் சிவந்தது. "துடிப்பு மேல வரட்டும். அப்புறம் சரியான அளவுல குடுக்கலாம்," என்றவர், குழந்தையின் அம்மாவைக் கூப்பிட்டார். அவளிடமும் நான் எதையும் மறைக்கவில்லை.

"மன்னிச்சிடுங்க..."

"அதெல்லாம் அப்புறம்," என்றாள். " அடுத்த மருந்தை யாரு கலக்கப் போறது?"

"நான்தான்."

"அப்ப நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன்."

சாயங்காலம் துடிப்பு மேலே ஏறியதும் அவள் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றாள். ஒரு மில்லி எடுத்துப் பத்தாக்கினேன். புதுச் சிரிஞ்சில் அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து மறுபடி பத்தாக்கினேன்; அதில் மருந்து சரியாக 0.1 மில்லி. எதையும் அலசவில்லை. மருந்து நின்ற முனையோடு சிரிஞ்சுகளைக் குப்பையில் போடக் கை கூசியது. போட்டேன்.

மறுநாள் காலை குழந்தை பசியில் வீறிட்டது, வார்டே திரும்பிப் பார்க்கும்படி. அம்மாவின் கண்கள் நிறைந்திருந்தன. என்னைக் கண்டதும் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கும் வந்து நிப்பேன்."

"வாங்க," என்றேன்.