ஒரு சொட்டு மல்லிகைச் சாரம்

கேட்காமல் இருந்துவிடேன் அக்கா. இன்றைக்கு ஒரு நாள் மறந்துவிடேன்.

மனதுக்குள் இதையே சொல்லிக்கொண்டு தங்கை படியேறினாள். கைப்பையில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குப்பி. மல்லிகையை மெழுகாக இறக்கி, ஆல்கஹாலில் கழுவி வடித்த சாரம். விலை உயர்ந்த வாசனைத் திரவியங்களில் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். அதைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக முகர்ந்து பார்த்துத் தரம் சொல்வது அவள் வேலை. மேலாளரிடம் கேட்டுத்தான் வாங்கி வந்திருந்தாள்.

கூடத்தில் அத்தான் போர்வையை மடித்துச் சோபாவில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே படுக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது.

"முதுகு வலிம்மா. அந்தக் கட்டில் ஒத்துக்கல," என்றார், அவள் கேட்காமலேயே.

உள்ளே அக்கா தலைவாரி, துவைத்த நைட்டியில், கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. திறந்து என்ன பயன்?

"வாடி மூக்கம்மா. சோபாவுக்கு வாழ்க்கைப்பட்டவரைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"புண்ணுலேர்ந்து லேசா ஒரு நெடி வருது, அதான். வாயத் திறந்து சொல்ல மாட்டார். மனுஷனை இன்னிக்கே உள்ள வர வெக்கிறேன் பாரு. கொண்டு வந்தியா?"

லேசா. அக்காவின் மூக்குக்குப் பழகிப்போயிருந்தது.

நேற்றுக் கழற்றிய கட்டுத்துணியில் ஒரு துண்டை, மூடி போட்ட பாட்டிலில் தங்கை வேலைக்கு எடுத்துப் போயிருந்தாள். அங்கே காகிதப் பட்டையில் சாரத்தைத் தொட்டு, துணியின் பக்கத்தில் பிடித்து முகர்ந்தாள். மல்லிகைக்குள் எப்போதும் கொஞ்சம் அழுகல் உண்டு. அது இல்லாவிட்டால் பூவுக்கு உயிரே இல்லை என்று மற்றவர்களுக்குச் சொல்பவளே அவள்தான். அந்த அழுகல், புண்ணின் அழுகலை, வெகுநாள் பிரிந்திருந்த உடன்பிறப்பைப்போலக் கட்டிக்கொண்டது. மூட வேண்டியதை இன்னும் பெரிதாக்கிக் காட்டியது. பட்டையை மாற்றி மாற்றி நாலு தடவை பார்த்துவிட்டாள்.

இதைச் சொன்னால் அக்கா நம்பியிருக்கும் அந்த 'லேசா'வும் போய்விடும்.

"கொண்டு வந்தேன்."

"அப்புறம் என்ன, பரீட்சையில தோத்த மாதிரி நிக்கிற? கட்டு மேல தடவு. தலகாணிக்கும் ஒரு சொட்டு."

தங்கை பையைத் திறக்கவில்லை.

"என்னடி, கூடப் பொறந்தவளுக்கு ஒரு சொட்டு தர இவ்வளவு யோசனையா?" அக்காவின் குரலில் சிரிப்பு வற்றிவிட்டது.

கஞ்சத்தனம் என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

"வேணாம்க்கா," என்றாள் தங்கை. "நான் தடவ மாட்டேன்."