உள்ளே: ஒருவர்

நூற்று எண்பத்தேழாவது சொல் ‘வருகையாளர்’. எதிரே அர்த்தம் இருந்தது: வளாகத்துக்குள் வந்து, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வெளியேறும் வெளிநபர். அடுத்த கட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொறுப்பானவர் பெயர். சங்கமித்ரா.

எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த அந்தக் கன்டெய்னர் யார்டில் ஒவ்வொரு பிரிவும் ஒரே சொல்லை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தது. இனி ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. மூன்று மாதமாக அவள் அந்தப் பட்டியலைத் தயாரித்தாள். வேலை பிடித்திருந்தது. வியாசர்பாடியில் அவள் வீட்டில் யாரும் சொற்களுக்கு அர்த்தம் எழுதிச் சம்பளம் வாங்கியதில்லை.

லோடு இறக்குபவர்கள் அங்கே வருகையாளர்கள்தான். காலையில் கேட்டில் ஆளுக்கொரு ரோஸ் சீட்டு. மாலையில் அதைத் திருப்பிக் கொடுத்தால் கணினியில் ‘வெளியே’ என்று விழும். எத்தனை வருகையாளர்கள் உள்ளே என்று கேட்டுக்கு மேலே சிவப்பு எண்ணில் ஒரு பலகை காட்டும். நெட்டுக்குப்பத்து வேம்பு பதினோரு வருடமாக அங்கே தினமும் வருகையாளர்.

இருபது நாட்களுக்கு முன் காலை பதினோரு மணிக்கு, ஒரு கன்டெய்னரின் கதவு காற்றில் அடித்து, வேம்புவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். சீட்டைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

‘விபத்து’ என்பதற்கு எதிரே, பணியில் இருக்கும் ஊழியருக்கு ஏற்படும் காயம் என்று இருந்தது. வேம்பு ஊழியர் இல்லை. ஆகவே விபத்தும் இல்லை. இந்த ஆண்டு விபத்துகள் பூஜ்யம். மேலாளர் கிருஷ்ணப்பன் சொல்லச் சொல்ல ‘விபத்து’க்கு அந்த அர்த்தத்தைத் தட்டச்சு செய்தவள் அவள்தான். அன்று எழுத்துப் பிழை மட்டும் பார்த்தாள்.

“இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பட்டியலைப் பூட்டணும்மா,” என்றார் கிருஷ்ணப்பன். “ஒரே ஒரு ரெக்கார்டு இடிக்குது. ஒரு விசிட்டர் இருபது நாளா உள்ளயே இருக்கார். அந்தச் சீட்டை வாங்கிட்டு எக்ஸிட் போட்டுடு. அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கே போயிட்டதா போடு.”

“பதினோரு மணிக்குத்தானே சார் அடிபட்டுது?”

“டேட்டாவைச் சுத்தம் பண்றோம். அவ்ளோதான்.” அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் இறங்கிப் போனபோது கேட்டில் வேம்பு நின்றிருந்தார். காவலாளி தாவூது அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.

“இன்னா வேம்பு, நீ இன்னும் உள்ளதான் கீறியாம். பலகை சொல்லுது.”

“உள்ள கீறவனுக்கு இருவது நாளா கேன்டீன்ல ஒரு வாய் சோறு போடல நைனா.”

தாவூது சிரித்தார். வேம்பு அவள் பக்கம் திரும்பினார். “லேபர் ஆபீசுல, அன்னிக்கு நீ உள்ள இருந்ததுக்கு இன்னாய்யா அத்தாட்சின்னு கேக்குறாங்கம்மா. சார் போன் பண்ணாரு. இத்த குடுத்தா லெட்டர் தரேன்னாரு.”

இடது கையால் சட்டைப் பையைத் துழாவிச் சீட்டை எடுத்தார். ரோஸ் நிறத்தில் பாதி, காய்ந்த ரத்தத்தின் பழுப்பு. தேதியும் உள்ளே வந்த நேரமும் மட்டும் தெளிவாக இருந்தன. 6.10.

அவளுக்குத் தெரியும். லெட்டர் என்று ஒன்று கிடையாது. அப்படி ஒன்றை அடிக்கும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

“யாரு கேட்டாலும் குடுக்காதீங்கண்ணா.”

“சார் பேஜாரு பண்ணப்போறாரும்மா.”

“பண்ணட்டும். உங்ககிட்ட இருக்கிற அத்தாட்சி இது ஒண்ணுதான்.”

சீட்டை நான்காக மடித்து அவர் பையில் அவளே வைத்தாள். தாவூது திரும்பி, வந்துகொண்டிருந்த டிரெய்லருக்குக் கை காட்டினார்.

ஐந்து மணிக்குப் பட்டியலைத் திறந்தாள். நூற்று எண்பத்தேழாவது வரியில் தன் பெயரை அழித்தாள். கட்டம் சிவப்பாகி, பெயர் இல்லாமல் பூட்ட முடியாது என்றது. அப்படியே விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

லோடு ஆட்கள் வரிசையில் வந்து சீட்டுகளைக் கொடுத்தார்கள். தாவூது ஒவ்வொன்றாகப் பதிந்தார். பலகையில் நாற்பத்தாறு முப்பதானது. பிறகு ஒன்பது. பைக்குள் அவளுடைய போன் அதிர்ந்து நின்றது, மறுபடி அதிர்ந்தது. கடைசி ஆள் வெளியே போனான். தாவூது கேட்டை இழுத்துச் சாத்தினார். யார்டில் யாருமில்லை. மேலே சிவப்பில் ஒன்று என்று எரிந்துகொண்டிருந்தது.